சருகை எரிக்காமல், கறிக்கழிவைக் கட்டி வீசாமல்: குப்பையைக் குறைக்கத் தொடங்குவோருக்கு

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோர வளவுகளில் விடிந்ததும் ஈர்க்கு விளக்குமாறு மணலைக் கீறும் சத்தம் கேட்கும். கூட்டிய சருகை ஒரு மூலையில் குவித்து நெருப்பு வைப்பது வழக்கம். அதே வீட்டில் பின்னேரம் மரக்கறித் தோலும் மீன் செதிலும் மிஞ்சிய சோறும் ஒரு சொப்பிங் பைக்குள் கட்டப்பட்டுப் படலையடிக்குப் போகும். நாய் கிழிக்கும், காகம் இழுக்கும், மிச்சத்தைச் சபையின் ட்ராக்டர் ஏற்றும். காலையில் எரிந்த சருகில் காபன் அதிகம். பின்னேரம் கட்டிய கழிவில் நைதரசன் அதிகம். பசளைக்கு இரண்டும் வேண்டும். சேர்த்து வைத்தால் மூன்று மாதத்தில் கறுத்த பசளை கிடைக்கும். தனித்தனியே விட்டால் ஒன்று புகைகிறது, மற்றது நாறுகிறது.

குப்பையைக் குறைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் துணிப்பையில் தொடங்குவார்கள். நல்லதுதான், ஆனால் அது சின்ன வேலை. வீட்டுக் குப்பையில் நிறை கூடியது ஈரக் கழிவு. அதைப் பிரித்துவிட்டால் மிச்சக் குப்பை நாறாது, இலையான் மொய்க்காது, ஒரு மாதம் வைத்திருந்து விற்கவும் முடியும். ஆகவே இங்கே பாதிக்குமேல் பசளைப் பரலை (கழிவை மக்கவைக்கும் பெரிய பீப்பாயை) பற்றித்தான் இருக்கும்; மற்றவை பின்னால் வரும்.

முதல் கிழமை: நிறுத்துப் பாருங்கள்

முதல் ஏழு நாளும் வீட்டில் எதையும் மாற்ற வேண்டாம். ஒரு கொளுவுத் தராசு எடுத்து, ஈரக் கழிவை ஒரு வாளியிலும் மற்றதை ஒரு சாக்கிலும் போட்டு, ஒவ்வொரு பின்னேரமும் நிறுத்துக் கலண்டரில் எழுதுங்கள். நாலைந்து பேர் உள்ள வீட்டில் ஈரக் கழிவு நாளுக்கு ஒரு கிலோவை ஒட்டி வரும்; மீன் வாங்கும் நாளில் கூடும். கூடவே சமைத்த சோறும் கறியும் எவ்வளவு கொட்டுப்படுகிறது என்பதையும் தனியாகக் குறியுங்கள். பலருக்கு அங்கேதான் திடுக்கிடும். ஒரு சுண்டு அரிசி குறைத்துப் போட்டாலே போதுமானதாக இருக்கும். பசளையாக்குவதைவிட அது மலிவான வழி.

மிஞ்சிய சோற்றை இரவில் தண்ணீர் ஊற்றி மண்சட்டியில் வைத்தால் காலையில் பழஞ்சோறு. வெங்காயம், பச்சை மிளகாய், கொஞ்சம் எருமைத் தயிர். இதைப் படிப்பவர்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லாத விஷயம்தான், ஆனாலும் தராசு பொய் சொல்வதில்லை: சொல்லித்தர வேண்டிய வீடுகளும் இருக்கின்றன.

குசினியில் இரண்டு வாளி

மூடியுள்ள 5 லீற்றர் வாளி ஒன்று ஈரக் கழிவுக்கு. அடியில் ஒரு பழைய கடதாசித் தாளை மடித்துப் போட்டு, அதன்மேல் இரண்டு கை சருகு. இந்தச் சருகுதான் வாளி நாறாமல் இருப்பதன் இரகசியம். கசியும் தண்ணீரை அது உறிஞ்சிவிடும். இரண்டாவது வாளியோ சாக்கோ காய்ந்த பொருளுக்கு. அதற்குள் ஈரமான எதுவும் போகக் கூடாது. பால் பைக்கற்று, யோகட் கப் போன்றவற்றைப் பாத்திரம் கழுவிய கடைசித் தண்ணீரில் அலசிக் கவிழ்த்துக் காயவிட்ட பிறகே போடவேண்டும்.

ஈர வாளிக்குள் போகக்கூடியவை: மரக்கறி, பழத் தோல்கள், கீரைத் தண்டு, தேயிலைச் சக்கை, பிழிந்த தேங்காய்ப்பூ, நொறுக்கிய முட்டைக்கோது, வாழைமடல், வாடிய பூமாலை (நூலை உருவிவிட்டு). சோறு கொஞ்சமாகப் போகலாம். கறி என்றால் குழம்பை வடித்து, உப்பையும் எண்ணெயையும் ஒருமுறை அலசிவிட்டுப் போடுங்கள். கருவாடு, பொரித்த எண்ணெய், பூனை நாய்களின் எச்சம், வெற்றிலைச் சுண்ணாம்பு ஆகாதவை. அடுப்புச் சாம்பல் பெரிய பரலுக்குக் கிழமைக்கு ஒரு பிடி போதும். கூடினால் காரத்தன்மை ஏறி, நைதரசன் அமோனியாவாகப் பறந்துவிடும். மூக்கைக் குத்தும் நெடி வந்தால் அதுதான் காரணம்.

பரல் செய்தல்

கிடங்கு வெட்டலாமே என்று தோன்றும். மேட்டு நிலத்தில் வெட்டலாம். கல்லடி, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று போன்ற இடங்களின் மணல்மேட்டிலோ வாவியோரத் தாழ்நிலத்திலோ நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். மாரியில் கிடங்கு குளமாகிவிடும். காற்றில்லாமல் அழுகுவது ஒரு பக்கம், அந்தக் கரைசல் மணலுக்குள்ளால் கிணற்றுக்குப் போவது மறுபக்கம். ஆகவே நிலத்துக்கு மேலே வைக்கும் பரலே நல்லது. கிணற்றிலிருந்து குறைந்தது 30 அடி தள்ளி, மரநிழலில் வையுங்கள்.

தேவையானவை: மூடியுள்ள 200 லீற்றர் பிளாஸ்டிக் பரல் இரண்டு. உணவுப் பொருள் வந்த பரலாகப் பார்த்து வாங்குங்கள். கிருமிநாசினி, இரசாயனம் வந்த பரல் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். ஆறு சீமெந்துக் கல். நுளம்புவலைத் துண்டு. பழைய சாக்கு ஒன்று.

பரலின் அடியை வெட்டி எடுங்கள். சுற்றிவர அரை அங்குலத் துளைகளை ஒரு சாண் இடைவெளியில் போடுங்கள். நாலு வரிசை போதும். துளையிடும் மெசின் இல்லாவிட்டால் பழுக்கக் காய்ச்சிய கம்பி போதும், ஆனால் அதை வெளியே காற்றுப்படும் இடத்தில் செய்யுங்கள், புகை நல்லதல்ல. நிலத்தில் மூன்று கல்லை வைத்து, அதன்மேல் கம்பிவலையோ நெருக்கமாக அடுக்கிய தடியோ பரப்பி, பரலை நிறுத்துங்கள். இந்த இடைவெளியால்தான் அடியிலிருந்து காற்று ஏறும். எலி வரும் வளவென்றால் வலை அரை அங்குலக் கண்ணுக்கு மேல் இருக்கக் கூடாது. மூடியின் மேல் ஒரு கல்லை வையுங்கள், கபரகொய்யா மூடியைத் தள்ளத் தெரிந்த பிராணி.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கமோ அம்பாறையின் உட்பகுதிகளிலோ யானை நடமாட்டம் உள்ள இடமென்றால் பலாச் சக்கை, வாழைத்தண்டு, பழுத்த பழம் போன்ற மணக்கும் பொருட்களைப் பரலில் போடாமல் உடனே ஆழமாகப் புதையுங்கள். யானைக்கு அந்த மணம் வெகு தூரத்துக்குத் தெரியும், பரல் அதற்கு ஒரு தடையே அல்ல.

நிரப்பும் முறை

அடியில் அரை அடி உயரத்துக்குப் பருமனான பொருள்: உடைத்த மரவள்ளித் தடி, கத்தரித் தண்டு, தேங்காய்த் தும்பு. நடுவில் ஒரு கட்டுத் தடியை நிமிர்த்தி வைத்து நிரப்பினால் அது காற்றுக் குழாயாக வேலை செய்யும். அதன்மேல் சருகு ஒரு சாண். இனி ஒவ்வொரு நாளும்:

1. ஈர வாளியைக் கொட்டிப் பரப்புங்கள். பெரிய துண்டுகளை விரல் நீளத்துக்கு வெட்டினால் பாதிக் காலத்தில் மக்கும்.
2. அதே வாளியால் இரண்டு வாளி சருகு போட்டு ஈரக் கழிவு கண்ணுக்குத் தெரியாதபடி மூடுங்கள். கன அளவில் ஒன்றுக்கு இரண்டு. காபனும் நைதரசனும் இருபத்தைந்து முப்பதுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருக்கவேண்டும் என்பார்கள். வாளிக் கணக்கு அதற்குக் கிட்டத்தட்டப் பொருந்தும்.
3. கிழமைக்கு ஒருமுறை ஒரு சிரட்டை வளவு மண்ணோ பழைய பசளையோ தூவுங்கள். கரைத்த மாட்டெரு ஒரு வாளி கிடைத்தால் இன்னும் நல்லது. தயிருக்கு உறை ஊற்றுவதுபோல் இது நுண்ணுயிர்களைச் சேர்க்கும்.
4. கிழமைக்கு ஒருமுறை இரும்புக் கம்பியாலோ மண்வெட்டிப் பிடியாலோ ஆழக் குத்திக் கிளறுங்கள்.

எல்லாச் சருகும் ஒன்றல்ல. பூவரசு, வேம்பு, முருங்கை, கிளிசரிடியா விரைவில் மக்கும். மா, பலா இலை தோல்போல் தடித்தவை. காலால் மிதித்து நொறுக்கிப் போடுங்கள். சவுக்கு ஊசியிலை மிக மெதுவாக மக்கும், மொத்தச் சருகில் கால்பங்குக்கு மேல் வேண்டாம். தென்னோலையை வெட்டாமல் போட்டால் ஒரு வருடம் கழித்தும் ஓலையாகவே எடுப்பீர்கள். உமியும் அப்படித்தான், சிலிக்கா கூடியது; காற்றோட்டத்துக்கு நல்லது, பசளையாக மாறத் தயங்கும். மரத்தூளில் காபன் மிக அதிகம், கைப்பிடி அளவோடு நிறுத்துங்கள். அறுவடை முடிந்த வயலில் வைக்கோல் கிடைத்தால் சாக்கில் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். மாரியில் சருகெல்லாம் நனைந்திருக்கும்போது அதுதான் கைகொடுக்கும். சருகைச் சேமிப்பதுதான் இந்த வேலையின் உயிர். ஓர் உரச்சாக்கு நிறையக் காய்ந்த சருகு எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.

வாவியில் மண்டும் ஆற்றுவாழையையும் சேர்க்கலாம். ஆனால் அதன் நிறையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். கரையில் போட்டு மூன்று நாள் வெயிலில் வாடவிட்டு, வேரை வெட்டிவிட்டு, நறுக்கிப் போடுங்கள். பச்சையாகப் போட்டால் பரல் சேறாகும். வளவுக் குளத்திலோ வாய்க்காலிலோ ஒரு துண்டு விழுந்தாலும் அங்கேயும் படரும். நகரக் கழிவுநீர் விழும் இடத்தில் வளர்ந்ததைத் தொட வேண்டாம்.

எது பிழைக்கிறது, ஏன்

அழுகல் நாற்றம் வந்தால் தண்ணீர் கூடிவிட்டது, காற்று போகவில்லை. பரலை ஒருமுறை சாய்த்துக் கொட்டி, சருகோடு கலந்து, திரும்ப நிரப்புங்கள். சருகைக் கஞ்சத்தனமாகப் போட்டவர்களுக்குத்தான் இது பெரும்பாலும் வரும். ஈரம் பார்க்க ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். ஓரிரு துளி கசிந்தால் சரி. ஒழுகினால் ஈரம் அதிகம். கையை விரித்ததும் உதிர்ந்தால் காய்ந்துவிட்டது.

எறும்பு புற்றுக் கட்டினால் பரல் காய்ந்துவிட்டதன் அடையாளம். ஒரு வாளி அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றுங்கள். சிறிய வெள்ளைப் புழு நெளிந்தால் மேலே மூடிய சருகு போதவில்லை. ஆனால் தட்டையாக, சாம்பல் நிறத்தில், தடித்த புழுக்கள் நிறைய இருந்தால் பயப்பட வேண்டாம்: அவை கறுப்புச் சிப்பாய் ஈயின் புழுக்கள், கழிவை அசுர வேகத்தில் தின்னும், சாப்பாட்டில் வந்து மொய்ப்பதுமில்லை. கோழி வளர்ப்பவர்கள் பொறுக்கிக் கோழிக்குப் போடலாம்.

ஒன்றுமே நடக்காமல் போட்டபடி கிடந்தால் சருகு மட்டும் கூடியிருக்கும். கிளிசரிடியா இலையோ மாட்டெருவோ சேருங்கள். நன்றாக வேலை செய்யும் பரலின் நடுவில் ஓர் இரும்புக் கம்பியைச் சொருகிப் பத்து நிமிடம் கழித்து இழுத்தால் கை பொறுக்காத சூடு இருக்கும். சிறிய பரலில் இந்தச் சூடு சில நாள்தான் நிற்கும், ஆகவே விதை முற்றிய களையைப் போடாதீர்கள், விதை சாகாது.

கச்சான் வீசும் காலத்தில், அதாவது மே தொடக்கம் ஆகஸ்ட் வரை, துளைகளுக்குள்ளால் அனல்காற்று புகுந்து பரலை உலர்த்திவிடும். நனைத்த சாக்கை உள்ளே மேலாகப் போட்டு மூடுங்கள், காற்று வரும் பக்கத்துத் துளைகளைக் கிடுகால் மறையுங்கள். ஒக்டோபரிலிருந்து வாடையும் மாரியும். அப்போது தகரத் துண்டொன்றைக் கூரைபோல் சாய்த்து வையுங்கள். வெள்ளம் ஏறும் வளவென்றால் நவம்பருக்கு முன் பரலை இன்னும் இரண்டு கல் உயர்த்துங்கள்.

முதல் பரல் நிறைந்ததும் மூடி வைத்துவிட்டு இரண்டாவதைத் தொடங்குங்கள். நிறைவதற்கு இரண்டு மூன்று மாதம் எடுக்கும், ஏனென்றால் உள்ளே போட்டது தொடர்ந்து அமுங்கிக்கொண்டே இருக்கும். இரண்டாவது நிறைவதற்குள் முதலாவது எடுக்கும் பதத்துக்கு வந்துவிடும்.

மீன் கழிவு

இது கிழக்கின் தனிப் பிரச்சினை. மரக்கறிக்குத் தெரிந்த வித்தையெல்லாம் மீன் குடலுக்கு எடுபடாது. பழகும்வரை மூன்று மாதம் மீன் கழிவைப் பரலில் போடவே வேண்டாம். வாழையடியில் இரண்டு அடி ஆழத்தில் புதைத்து, மேலே ஒரு பலகையோ முள்ளோ வைத்துவிட்டால் நாய் கிண்டாது. ஒன்றரை அடிக்குக் குறைந்தால் கிண்டும். இறால், நண்டுக் கோதையும் இப்படியே.

தோட்டம் வைத்திருப்பவர்கள் மீன் கரைசல் செய்யலாம். ஒரு கிலோ மீன் கழிவை நறுக்கி, ஒரு கிலோ சிவப்புச் சீனியோ சக்கரையோ கலந்து, வாளியில் முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாமல், துணியால் வாய்கட்டி நிழலில் வையுங்கள். நாலைந்து நாளுக்கு ஒருமுறை கிளறுங்கள். 30 நாளில் தேன்போல் இளகி, பழ வாசம் வரும். அழுகல் மணந்தால் சீனி குறைந்துவிட்டது. கொஞ்சம் சேர்த்துக் கலக்குங்கள். வடித்து, ஒரு லீற்றர் தண்ணீருக்கு 5 முதல் 10 மில்லிலீற்றர் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையில் தெளிக்கலாம். கூட்டினால் இலை கருகும்.

பசளையை மணலில் போடுதல்

பசளை கறுப்பாக, மண் வாசத்தோடு, போட்டது எது என்று அடையாளம் தெரியாமல் இருந்தால் தயார். சூடாக இருந்தால் இன்னும் இரண்டு கிழமை விடுங்கள். அரை அங்குல வலையில் அரித்து, மேலே நின்றதை அடுத்த பரலின் அடியில் போடுங்கள்.

கரையோர மணல் தண்ணீரையும் சத்தையும் பிடித்து வைக்காது. ஆகவே பசளையை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடவேண்டும். மிளகாய், கத்தரி, வெண்டிப் பாத்தியில் சதுர மீற்றருக்கு 3 கிலோவை அரை அடி ஆழத்துக்குக் கொத்திக் கலந்து, ஒரு மாதம் கழித்து அடியில் ஒரு பிடி போடுங்கள். சாடியென்றால் இரண்டு பங்கு மணல், ஒரு பங்கு பசளை. மேலே சருகு மூடாக்கு இரண்டு அங்குலம். அதில்லாமல் கச்சானில் நாளுக்கு இரண்டுமுறை தண்ணீர் ஊற்றவேண்டி வரும்.

தென்னை இருக்கும் வளவில் உரிமட்டையை எரிப்பது பெரிய நட்டம். மரத்திலிருந்து ஏழு அடி தள்ளி, இரண்டு அடி அகலம், இரண்டு அடி ஆழத்தில் கான் வெட்டி, மட்டையின் குழிப்பக்கம் மேலே பார்க்கும்படி அடுக்கி, ஒவ்வொரு அடுக்குக்கும் மணல் தூவி மூடுங்கள். மட்டை மழைநீரை உறிஞ்சி வைத்து வேருக்குக் கொடுக்கும். பல வருடம் தாங்கும். மாரிக்கு முன் செய்துவிட்டால் முதல் மழையிலேயே பலன்.

காய்ந்த குப்பை

ஈரம் பிரிந்த பிறகு மிஞ்சும் சாக்கைக் கவிழ்த்துப் பாருங்கள். காட்போட், கடதாசி, தகரம், அலுமினியம், கண்ணாடிப் போத்தல், தண்ணீர்ப் போத்தல் எல்லாம் பழைய சாமான் வாங்குபவர் எடுப்பார். போத்தலை நசுக்கி மூடியைக் கழற்றித் தனியாகப் போடுங்கள். அடியில் முக்கோணத்துக்குள் 1, 2, 5 என்ற இலக்கமுள்ள பிளாஸ்டிக் பெரும்பாலும் விலைபோகும். நனைந்த காட்போட்டை யாரும் எடுக்க மாட்டார்கள், அதை நறுக்கிப் பரலுக்குள் சருகுக்குப் பதிலாகப் போடலாம்.

பால்மா பைக்கற்று, பிஸ்கட் உறை, சம்போப் பக்கெற் ஆகியவற்றை வாங்க ஆளில்லை. பல படலங்கள் ஒட்டியவை, பிரிக்க முடியாது. பால்மாப் பைக்கற்றின் அடியில் இரண்டு துளை போட்டால் நாற்றுப் பையாகும், ஆனால் ஒரு வீட்டுக்கு எத்தனை நாற்று வேண்டும்? வாங்கும்போதே குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை. இலங்கையில் 2021 மார்ச் 31 முதல், உணவும் மருந்தும் தவிர்ந்த 20 கிராம், 20 மில்லிலீற்றர் அல்லது அதற்குக் குறைந்த சிறு பக்கெற்றுகள் தடை. லஞ்ச் சீற்றுக்கும் ரெஜிபோம் பெட்டிக்கும் தடை 2017 செப்டெம்பர் 1இலேயே வந்தது; பிளாஸ்டிக்கைத் திறந்தவெளியில் எரிப்பதும் அப்போதே தடைசெய்யப்பட்டது. 2023 ஒக்டோபர் 1இலிருந்து பிளாஸ்டிக் ஸ்ரோ, கரண்டி, தட்டு, பூமாலை, இடியப்பத் தட்டும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. பிரம்பு இடியப்பத் தட்டு இருக்கும்போது பிளாஸ்டிக் தட்டு ஏன் வந்தது என்பதே புரியாத ஒன்று.

பொலித்தீனை ஈரக் கழிவோடு கட்டுவது ஏன் இவ்வளவு கெடுதி என்பதற்கு அம்பாறையே சாட்சி. பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் அதற்கு முந்தைய எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் பிளாஸ்டிக் தின்று இறந்ததாக 2022 ஜனவரியில் செய்தி வந்தது. யானை பொலித்தீனைத் தேடிப் போவதில்லை. அதற்குள் கட்டிய சோற்றின் மணத்துக்குப் போகிறது. அலசிக் காயவைத்த பையை அது மோந்தும் பார்க்காது.

மாற்று எல்லாம் ஊரிலேயே இருக்கிறது. சந்தைக்குப் பன் புல்லில் பின்னிய பையோ, பழைய மருதமுனைச் சாறனில் தைத்த பையோ. இரண்டு சாறனில் ஐந்து பை வரும். அடித்தையலை இரட்டையாகப் போடாவிட்டால் தேங்காய்ப் பாரத்தில் கிழியும். மீனுக்கு மூடியுள்ள வாளி. சோற்றுப் பார்சல் வாங்கப் போகும்போது சாப்பாட்டுப் பெட்டி. பையை மறந்துபோவதுதான் எல்லாருக்கும் நடக்கும் பிழை, ஆகவே ஒன்றைச் சைக்கிள் கூடையிலோ மோட்டார் சைக்கிள் சீற்றுக்கு அடியிலோ நிரந்தரமாக வைத்துவிடுங்கள்.

தயிர்ச்சட்டி சேர்ந்துகொண்டே போகும். ஓரிரவு தண்ணீரில் ஊறவிட்டு, கவிழ்த்து வைத்து ஆணியைத் திருகினால் உடையாமல் துளை விழும். கீரைக்கும் மல்லிக்கும் அளவான சாடி. அடித்துத் துளைத்தால் பத்துக்கு நாலு பிளக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. உதவும் என்று சேர்க்கும் சட்டி, சிரட்டை, கப், டயர் எல்லாம் மாரியில் நுளம்புத் தொட்டிலாகும். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழெட்டு நாள் போதும். ஆகவே எல்லாவற்றையும் கூரைக்குள் கவிழ்த்து அடுக்குங்கள், கிழமைக்கு ஒரு நாளை அதற்கென வைத்து வளவைச் சுற்றிவாருங்கள். மூன்று மாதமாகப் பயன்படாத பாத்திரத்தைச் சேமிப்பு என்று சொல்லிக்கொள்ளாமல் விற்றுவிடுங்கள்.

தண்ணீரும் மின்சாரமும்

வீட்டில் வீணாவது குப்பை மட்டுமல்ல; தண்ணீரையும் மின்சாரத்தையும் இதோடு சேர்த்தே பாருங்கள். கிணற்றடியில் வாழை வைப்பது பழைய புத்தி. குளித்த தண்ணீர் கிணற்றுக்குத் திரும்பாமல் பத்தடியாவது கானில் ஓடி வாழைக்குப் போகட்டும். புளீச் கலந்த தண்ணீரைக் கீரைக்கு விடாதீர்கள். பாத்திரம் கழுவப் பொச்சும் சலித்த சாம்பலும் போதும், பிளாஸ்டிக் பஞ்சு தேவையில்லை.

மழைநீர்க் கணக்கு இலேசு: ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர். 50 சதுர மீற்றர் கூரைக்கு 20 மில்லிமீற்றர் மழை வந்தால் 1000 லீற்றர். முதல் பத்து நிமிடத் தண்ணீரைப் போகவிட்டு, வாயை நுளம்புவலையால் இறுக்கிக் கட்டிய தொட்டியில் பிடியுங்கள்.

மின்சாரத்தில் பார்க்கவேண்டியது 60 யுனிட் எல்லை. வீட்டுப் பாவனை மாதம் 60ஐத் தாண்டினால் தாண்டிய யுனிட்டுக்கு மட்டுமல்ல, முதல் 60க்கும் வேறு கட்டணம். நிலையான கட்டணமும் ஏறும். 75 வாட் பேன் நாளுக்குப் பத்து மணித்தியாலம் ஓடினால் மாதம் 22 யுனிட்டுக்கு மேல். 30 வாட் பேன் 9 யுனிட். 60 வாட் குண்டு பல்ப் ஐந்து மணித்தியாலத்துக்கு மாதம் 9 யுனிட், அதே வெளிச்சத்துக்கு 9 வாட் எல்.ஈ.டி ஒன்றரைக்கும் குறைவு. தொட்டி நிரம்பி வழிந்தும் ஓடும் நீர்மோட்டருக்கு மிதவை சுவிட்ச் பூட்டுங்கள். உடுப்பை ஒரு கிழமைக்குச் சேர்த்து அயர்ன் பண்ணுங்கள்.

விறகில் சமைப்பவர்களுக்கு 1986இல் இலங்கையில் உருவான அனகி மண்ணடுப்பு பொருத்தம். ஒரே நெருப்பில் இரண்டு பானை. கடலை, பயறை முதல்நாள் இரவே ஊறப்போட்டால் எந்த அடுப்பிலும் நேரம் பாதியாகும். காஸ் அடுப்புச் சுவாலை மஞ்சளாக எரிந்தால் பேர்னரின் துளைகள் அடைத்திருக்கின்றன, ஊசியால் குத்தித் துப்புரவாக்குங்கள்.

அன்னதானம், கந்தூரி

ஒரு வீடு வருடம் முழுக்கச் சேமித்ததை ஒரு பகல் விருந்து கொட்டித் தீர்த்துவிடும். சகன் என்னும் பெரிய தட்டில் ஐந்தாறு பேர் ஒன்றாகச் சாப்பிடும் வழக்கமும் வாழையிலைப் பந்தியும் குப்பையே இல்லாத முறைகள். பிழை வருவது தண்ணீரிலும் பார்சலிலும்தான். 200 பேருக்குச் சின்னப் போத்தல் வைத்தால் 200 போத்தல், பாதி குடித்தபடி. அதற்குப் பதில் குழாய் பூட்டிய 20 லீற்றர் பாத்திரம் நாலு, எவர்சில்வர் குவளை அறுபது, கழுவ இரண்டு தொட்டி, கழுவ இரண்டு பேர். குவளையைச் சமையல் சாமான் வாடகைக்குக் கொடுக்குமிடத்தில் சட்டியோடு சேர்த்தே கேட்டு வையுங்கள். விருந்தன்று காலையில் கேட்டால் கிடைக்காது. தோரணத்துக்குக் குருத்தோலை. எச்சில் இலைக்கென ஒரு சாக்கும் எலும்புக்கென ஒரு வாளியும் பந்தி முடியும் வாசலில் வைத்து, அங்கே ஓர் ஆளை நிறுத்துங்கள். ஆள் இல்லாவிட்டால் பத்து நிமிடத்தில் இரண்டும் கலந்துவிடும். இலையை மாட்டுக்குப் போடலாம், அல்லது நறுக்கிச் சருகோடு பரலில் போடலாம். ஆனால் ஒரே நாளில் ஒரு பரலுக்குள் இரண்டு வாளிக்கு மேல் வேண்டாம். மிச்சத்தை வாழையடியில் கான் வெட்டிப் புதையுங்கள்.